குளிர் காலையில் கார் ஏன் கூடுதலாகக் குடிக்கிறது: ஓசூர், தளி, கிருஷ்ணகிரி, தருமபுரிப் புதுக் கார்காரர்களுக்கு

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடிகாலை வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். சில நாள் அதற்கும் கீழே போகும். கிருஷ்ணகிரி, தருமபுரியில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனாலும் சித்திரை வெயிலோடு ஒப்பிட்டால் காலை நேரத்து வித்தியாசம் பெரிதுதான். முதல் கார் வாங்கி முதல் குளிர்காலத்தைப் பார்ப்பவர்கள், டேஷ்போர்டில் மைலேஜ் எண் இறங்குவதைக் கண்டதும் வண்டியில் கோளாறு என்றோ, பங்கில் பெட்ரோல் சரியில்லை என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை.

நம் ஊர்க் குளிரில் பெட்ரோல் கூடுதலாகப் போவது ஒரு இடத்தில்தான்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியை எடுத்து, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிறுத்தும்போது. அதே வண்டியை அதே காலையில் எடுத்துக்கொண்டு ஓசூரிலிருந்து சேலம் போனால் வித்தியாசம் கண்ணில் படாது. ஏசி போடத் தேவையில்லாததால் ஏப்ரலில் கொடுத்ததைவிட நன்றாகவே கொடுக்கும். ஆக, செய்ய வேண்டியதெல்லாம் அந்த முதல் சில கிலோமீட்டரைக் கவனிப்பதும், எஞ்சின் சூடாவதைத் தடுக்கும் கோளாறு ஏதாவது இருந்தால் கண்டுபிடிப்பதும்தான்.

எவ்வளவு குறையும்?

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது: 25 டிகிரியில் ஓடும் பெட்ரோல் காரை மைனஸ் 7 டிகிரியில் நகருக்குள் ஓட்டினால் மைலேஜ் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும், ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தும் பயணங்களில் 24 சதவீதம் வரைகூடக் குறையலாம். தளியில் மைனஸ் 7 வரப்போவதில்லை, அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டவைக்க வேண்டாம். அதில் நமக்கு வேண்டிய செய்தி வேறு: ஒரே குளிரில், தூரம் குறையக் குறைய நட்டம் கூடுகிறது.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூடான எஞ்சினில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார், குளிர்ந்த எஞ்சினை ஒருமுறை சூடாக்க 60 மில்லி பெட்ரோலைக் கூடுதலாகச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிலோமீட்டர் போக வேண்டியது 222 மில்லி. 60-ஐச் சேர்த்தால் 282. மைலேஜ் 14.2-க்கு இறங்கிவிட்டது. அதே 60 மில்லி நாற்பது கிலோமீட்டர் பயணத்தில் சேர்ந்தால் மைலேஜ் 17.5. செலவு ஒன்றுதான், பரப்பிக் காட்டும் தூரம்தான் வேறு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு, அப்புறம் பத்து மணிக்குக் கடைவீதி என்று மட்டுமே ஓடும் கார் மார்கழியில் 13, 14 காட்டினால் பதற வேண்டியதில்லை.

அந்த முதல் கிலோமீட்டர்களில் நடப்பது

பெட்ரோல் நன்றாக ஆவியானால்தான் எரியும். குளிர்ந்த உலோகத்தின் மேல் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் படிந்துவிடும். இதை ஈடுகட்ட, எஞ்சினின் கணினி கூலன்ட் (எஞ்சினின் சூட்டை எடுக்கும் திரவம்) வெப்பநிலை சென்சாரைப் பார்த்து, வேண்டிய அளவைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஸ்டார்ட் ஆனவுடன் ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சுற்றும் வேகம்) 1,200 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏறி நிற்பதும் இதனால்தான். புகைக் குழாயில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கவும் அது உதவுகிறது. கோளாறு என்று நினைத்து ஐடிலைக் குறைக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் போகாதீர்கள், தானே இறங்கிவிடும்.

இரண்டாவது எஞ்சின் ஆயில். மார்கழியில் பாட்டிலில் இறுகிப்போகும் தேங்காய் எண்ணெய் அளவுக்கு இல்லை என்றாலும், 15 டிகிரியில் ஆயில் சூடான நிலையில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். பிஸ்டன், கிராங்க், கேம் எல்லாம் அதை இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். கியர் பெட்டி ஆயிலும், சக்கர பேரிங் கிரீஸும் அப்படியே. கூலன்ட் சில நிமிடத்தில் சூடாகிவிடும். ஆயில் சூடாக அதைவிட நேரமாகும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று காட்டும் நீல விளக்கு மீட்டரில் அணைந்த பிறகும் கொஞ்ச தூரம் மைலேஜ் ஏறாமல் இருப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவதாக பேட்டரி. குளிரில் செல்ஃப் எடுக்கக் கூடுதல் கரண்ட் போகும், பேட்டரியின் திறனும் குறைந்திருக்கும். அதைத் திரும்ப நிரப்பும் வேலை ஆல்டர்னேட்டருக்கு, அதாவது அதைச் சுற்றும் எஞ்சினுக்கு. வெறும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே நிற்கும். ராத்திரி நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அல்லது அதை ஒட்டிக் காட்ட வேண்டும். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை இருக்கும்.

முதலில் சரியாக அளந்து பாருங்கள்

டேஷ்போர்டு காட்டும் எண் போக்கைச் சொல்லும், உண்மை அளவைச் சொல்லாது. டேங்க் முதல் டேங்க் வரை அளப்பதே நம்பகமான வழி.

1. பங்கில் பம்ப் தானாகக் கட் ஆகும் வரை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடறேன் சார்" என்று கூடக் குத்தி ஏற்ற விடாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள்.
2. குறைந்தது 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். 50 கிலோமீட்டரில் பார்த்தால் பம்ப் கட் ஆகும் இடத்தில் வரும் அரை லிட்டர் வித்தியாசமே கணக்கைக் கெடுத்துவிடும்.
3. முடிந்தவரை அதே பங்க், அதே பம்ப், வண்டி நிற்கும் அதே பக்கம். மறுபடி கட் ஆகும் வரை நிரப்புங்கள். ஓடியது 420 கிலோமீட்டர், நிரப்பியது 24.6 லிட்டர் என்றால் 420-ஐ 24.6-ஆல் வகுக்க 17.07.
4. ஒரு டேங்க்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று டேங்க் எழுதி வைத்தால் போக்கு தெரிந்துவிடும்.

ஒப்பிடும்போது நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 மீட்டரில். நாலு பேரோடு 1,200 கிலோ வரும் சின்னக் காரை அந்த 400 மீட்டர் தூக்க மட்டும் ஏறக்குறைய 400 மில்லி பெட்ரோல் கூடுதலாக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை, சூளகிரி வழியாக ஏறி வரும் 50 கிலோமீட்டரில், 18 தரும் கார் 16-க்குக் கீழே காட்டுவது மேட்டால், குளிரால் அல்ல. இறங்கிப் போகும்போது 20-க்கு மேல் காட்டுவதும் அதே கணக்கு. ஆகவே போக்கும் வரத்தும் சேர்ந்த பயணத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

எரிபொருளும் மாறியிருக்கலாம். பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதக் கலப்புக்கு மாறியதால் லிட்டருக்கு மூன்று, நான்கு சதவீத ஆற்றல் குறைந்துவிட்டது. அந்த மாற்றத்துக்கு முந்தைய குளிர்காலக் குறிப்பேட்டையும் பிந்தைய குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

விடிகாலையில் பெட்ரோல் போட்டால் அடர்த்தி கூடுதல், லாபம் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெட்ரோல் 10 டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் விரிவது உண்மைதான். ஆனால் பங்கில் அது இருப்பது தரைக்கடியில். அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பநிலை அவ்வளவு மாறாது. தூக்கத்தை விடுவதில் லாபமில்லை.

காலையில் வண்டியை எடுப்பது எப்படி

சாவி போடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். குளிருக்கு எலி எஞ்சின் மேல் வந்து படுக்கும். வயரைக் கடித்து வைத்திருந்தால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரோ சென்சாரோ வேலை செய்யாமல் மைலேஜ் விழுந்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும்போது ஏசி, ஹீட்டர், பின் கண்ணாடி டீஃபாகர் (மங்கலைப் போக்கும் சூட்டுக் கம்பி), ஹெட்லைட் எல்லாம் ஆஃபில் இருக்கட்டும். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு செல்ஃப் எடுத்தால் கெட்டியான கியர் ஆயிலைச் சுற்றும் வேலை மிச்சம். ஆக்சிலேட்டரைத் தொடத் தேவையில்லை. ஸ்டார்ட் ஆனதும் சீட் பெல்ட் போட்டு, கண்ணாடி துடைத்து, ஒரு அரை நிமிடத்தில் கிளம்பிவிடலாம். அதற்குள் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

பத்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடாக்கும் பழக்கம் கார்புரேட்டர் காலத்துடையது. மாருதி 800, அம்பாசடர் ஓட்டிய அப்பாமார்கள் சொல்லிக் கொடுத்தது. அப்போது அது சரி, சோக்கை இழுத்து வைக்காவிட்டால் வண்டி அணைந்துவிடும். இன்ஜெக்டர் வண்டியில் ஐடிலில் நிற்கும் எஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடாகும். அதாவது பெட்ரோல் கூடுதலாகத் தெளிக்கப்படும் நேரத்தை நீங்களே நீட்டிக்கிறீர்கள். சின்ன எஞ்சின்கூட ஐடிலில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், குளிரில் அதைவிடக் கூடுதல். ஒரு மாதம் தினமும் பத்து நிமிடம் நிறுத்தினால் இரண்டரை லிட்டராவது போயிருக்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் ஏறியிருக்காது.

ஓட்டத் தொடங்கியதும் முதல் நான்கைந்து கிலோமீட்டர் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம். வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக நாற்பதில் ஐந்தாம் கியர் போட்டு எஞ்சினைத் திணற வைப்பதும் கூடாது. கிளம்பியதும் ஹீட்டரை முழுதாகத் திருப்பினால் எஞ்சின் தன்னைச் சூடாக்கிக்கொள்ள வைத்திருக்கும் வெப்பத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நீல விளக்கு அணையும் வரை பொறுத்துக்கொண்டால் நல்லது.

வேலைகளைச் சேர்த்து முடிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம். ஒருமுறை சூடான எஞ்சின் ஒரு மணி நேரம் நின்றாலும் ஓரளவு சூட்டோடு இருக்கும்; ஐந்தாறு மணி நேரம் நின்றால் முழுதும் ஆறிவிடும். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, உழவர் சந்தை, பேங்க் மூன்றும் இருந்தால் ஒரே சுற்றாகப் போங்கள். தூரமான இடத்துக்கு முதலில் போங்கள். அதற்குள் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்துவிடும், திரும்பும் வழியில் நிற்கும் சின்னச் சின்ன இடங்களுக்குக் கூடுதல் செலவு இருக்காது. ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பால் கடைக்குக் கார் எடுப்பதைப் பற்றி இங்கே சொல்ல எதுவும் இல்லை.

தெர்மோஸ்டாட்: பலர் பார்க்காத இடம்

மேலே சொன்னபடி ஓட்டியும், நெடுஞ்சாலையில்கூட மைலேஜ் இரண்டு மூன்று கிலோமீட்டர் குறைவாகவே நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தெர்மோஸ்டாட் வால்வை. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சின்ன வால்வு அது. கூலன்ட் 82 அல்லது 88 டிகிரியை ஒட்டிய ஒரு சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கும். கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். அப்புறம் திறந்து ரேடியேட்டருக்கு விடும். வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் எப்போதும் 60, 70 டிகிரியிலேயே ஓடும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே நினைத்துக்கொண்டு கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் இது வெளியே தெரியாது. மார்கழிக் காலையில் தெரியும்.

நம் பக்கம் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி ஓவர்ஹீட் ஆனால், வால்வையே கழற்றிப் போட்டுவிட்டு "இனிமே சூடே ஆகாதுங்க" என்று அனுப்பும் ஷெட்டுகள் இன்னும் இருக்கின்றன. பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். ஓவர்ஹீட்டுக்கு உண்மைக் காரணம் ரேடியேட்டர் அடைப்போ, ஃபேனோ, வாட்டர் பம்ப்போ ஆக இருக்கும். வால்வைக் கழற்றியதால் அது சரியாகாது.

சோதிப்பது இப்படி:

1. ராத்திரி முழுக்க நின்ற வண்டி வேண்டும். ரேடியேட்டரின் மேல் பக்கம் போகும் தடித்த ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும்.
2. இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். எஞ்சின் சூடாக இருந்தாலும் ஹோஸ் பெரிதாகச் சூடேறியிருக்கக் கூடாது. விரலை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றும்.
3. ஏழெட்டுக் கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள். இப்போது கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். முதல் நிறுத்தத்திலேயே வெதுவெதுப்பாக இருந்து மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது வால்வே இல்லை.
4. முள் மீட்டர் இல்லாத கார்களில் நீல நிற வெப்பமானி விளக்கைக் கவனியுங்கள். சில நிமிடங்களில் அணைய வேண்டும். பத்து கிலோமீட்டர் தாண்டியும் எரிந்தால், அல்லது அணைந்து விட்டு இறக்கத்தில் மறுபடி எரிந்தால், அதே கோளாறு.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். மொபைல் ஆப்பில் கூலன்ட் வெப்பநிலை தெரியும். பெரும்பாலான கார்களில் 85-க்கும் 95-க்கும் நடுவில் ஒரு எண்ணில் நிலையாக நிற்க வேண்டும். சமதளத்தில் 88 காட்டி, மேலுமலை இறக்கத்தில் 70-க்கு விழுந்தால் வால்வு சரியாக மூடவில்லை. செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0128 என்ற கோடு வந்தால் கணினியே அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள்.

கழற்றிய வால்வை ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானி வைத்துச் சூடாக்கினால் எந்த டிகிரியில் திறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். எண் வால்வின் மேலேயே பொறித்திருக்கும். பாத்திரத்தின் அடியில் பட்டுக்கொண்டிருந்தால் முன்னதாகவே திறந்துவிடும், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். புதிதாகப் போடும்போது ரப்பர் சீலையும் மாற்றி, கூலன்ட் ஊற்றிய பிறகு உள்ளே உள்ள காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். காற்று அடைத்துக்கொண்டால் முள் ஏறி இறங்கி ஆடும், ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும்.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

கூலன்ட்டுக்குப் பதிலாக போர் தண்ணீர் ஊற்றுவதுதான் வால்வு சிக்கிக்கொள்ளும் முக்கியக் காரணங்களில் ஒன்று. தருமபுரி, கிருஷ்ணகிரியின் பல இடங்களில் தண்ணீர் கடினமானது. சூடாகும்போது உப்பு வெள்ளையாகப் படியும். கான்சன்ட்ரேட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு, டப்பாவில் சொன்னபடி, பொதுவாகப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம், தண்ணீர் சேர்க்கக் கூடாது.

லடாக் பயண வீடியோக்களைப் பார்த்துவிட்டு ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை கட்டுவது நமக்கு வேண்டாத வேலை. வால்வு நன்றாக இருந்தால் 13 டிகிரியில் அதற்குத் தேவையே இல்லை. மதியம் 28 டிகிரியில் ஓவர்ஹீட் ஆகும்.

ஆயிலும் டயரும்

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் குறிக்கிறது. சின்ன எண் என்றால் குளிரில் இளக்கம் கூடுதல். பின்னால் உள்ளது சூடான நிலையில் உள்ள கெட்டித்தன்மை. இன்றைய சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 போன்ற இளக்கமான ஆயில்தான் கையேட்டில் சொல்லியிருக்கும். "திக்கா இருந்தா எஞ்சின் லைஃப் வரும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றும் இடங்களில் கவனமாக இருங்கள். கையேட்டில் சொன்ன கிரேடைப் போட்டாலே ஒன்று இரண்டு சதவீத மைலேஜ் கூடும். குளிர் காலையில் செல்ஃப் எடுப்பதிலும் வித்தியாசம் தெரியும். தேவைக்கு மேல் இளக்கமாகப் போடுவதும் தப்பு.

டயரைப் பற்றி நிறையப் பேசுவார்கள். மைலேஜில் அதன் பங்கு அவ்வளவு பெரிதல்ல. நான்கு டயரிலும் காற்றழுத்தம் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. (பங்கில் காற்று அடிக்கும்போது சொல்லும் அளவு) குறைந்தால் 0.2 சதவீதம் போகும், அவ்வளவே. இருந்தும் குளிர்காலத்தில் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் இறங்கும். தருமபுரியில் 35 டிகிரி மதியத்தில் 33 அடித்த டயர், தேன்கனிக்கோட்டையில் 13 டிகிரி காலையில் 30-க்குக் கீழே வந்துவிடும். மதியம் அடித்தபோது ஓடி வந்த சூட்டோடு இருந்திருந்தால் இன்னும் கீழே. நைட்ரஜன் போட்டிருந்தாலும் இதே கணக்குதான். வாயு எதுவானாலும் குளிரில் அழுத்தம் இறங்கும்.

மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில், வெயில் படாத டயரில் அளக்க வேண்டும். ஒரு சின்ன டிஜிட்டல் கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வைத்தால் காலையில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும்; டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்சம், அதைப் பார்த்து அடிக்காதீர்கள். பங்க் வரை ஓட்டிப் போய்த்தான் அடிக்க முடியும் என்றால், வீட்டில் எத்தனை குறைந்தது என்று பார்த்துக்கொண்டு, பங்கில் காட்டும் எண்ணோடு அதைக் கூட்டி அடியுங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள்.

கண்ணாடி மங்கல், பனி, இறக்கம்

நம் கார்களில் ஹீட்டர் எஞ்சினின் வீணாகும் சூட்டைத்தான் எடுக்கிறது. எஞ்சின் சூடான பிறகு போட்டால் ஃபேனுக்கு ஆகும் கரண்ட் தவிரச் செலவில்லை. முன் கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் பட்டனை அழுத்தினால் பல கார்களில் ஏசி கம்ப்ரஸரும் தானாக ஓடத் தொடங்கும். அது கோளாறில்லை, காற்றின் ஈரத்தை ஏசி எடுத்தால்தான் மங்கல் போகும். கண்ணாடி தெளிந்ததும் வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, ஏசியை அணைத்துவிடுங்கள். உள்காற்றே சுற்றும் நிலையில் விட்டால் மூச்சின் ஈரம் மறுபடி படியும். பின் கண்ணாடி டீஃபாகரை வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும், கரண்ட் நிறைய இழுக்கும். மைலேஜுக்காக மங்கலான கண்ணாடியோடு ஓட்டுவதில் அர்த்தமில்லை. சூளகிரிப் பக்கம் பனி இறங்கியிருந்தால் லோ பீமில், மெதுவாக.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது இன்னொரு பழைய பழக்கம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இதைச் செய்பவர்களை இன்றும் பார்க்கலாம். இன்ஜெக்டர் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பு முற்றிலும் நின்றுவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தெளித்தாக வேண்டும். ஆக நியூட்ரலில்தான் செலவு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து தனி. மூன்றாம் அல்லது நான்காம் கியரில் இறங்குங்கள். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருந்தால் இந்தத் தெளிப்பு நிறுத்தம் சில கார்களில் வேலை செய்யாது. வீட்டிலிருந்து கிளம்பிய உடனே இறக்கம் வருகிறவர்களுக்கு அந்த லாபம் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும்.

டீசல், சி.என்.ஜி., மின்சாரக் கார்

டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் சுருள் வடிவ விளக்கு எரியும். அது அணைந்த பிறகு செல்ஃப் எடுங்கள். எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் சூடாவதற்கான நேரம் அது. டீசல் உறைந்துபோகும் பயம் இங்கே வேண்டாம். 2019-இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை லடாக்குக்கென்று கொண்டுவந்தது, அந்த ஊர்களின் பிரச்சினை அது. நம் ஊரில் பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களுக்கு வரும் தொல்லை வேறு. புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர், நல்ல சூடு வந்தால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். குளிர் காலையில் மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தினால் சுத்தம் பாதியிலேயே நிற்கும். அடுத்தமுறை மறுபடி தொடங்கும். அதற்கென்று தெளிக்கும் டீசல் வீணாகும், அதில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் 60-க்குக் குறையாமல் இருபது முப்பது நிமிடம் ஓட்டுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

சி.என்.ஜி. கார்களில் பல, பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகே கேஸுக்கு மாறும். குளிரில் மாறும் நேரம் தள்ளிப்போவதால் பெட்ரோல் முள் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். நேரடியாக கேஸிலேயே ஸ்டார்ட் ஆகும் மாடல்களில் இது தெரியாது.

மின்சாரக் காருக்கு 15 டிகிரி ஒன்றும் பெரிய குளிரில்லை. ஆனால் வீணாகும் எஞ்சின் சூடு இல்லாததால் ஹீட்டர் நேரே பேட்டரியிலிருந்து எடுக்கும். ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் சில கிலோமீட்டர் மிச்சம். சார்ஜை ராத்திரி பத்து மணிக்கு முடிப்பதைவிட, டைமர் வைத்து விடிகாலையில் முடியும்படி செய்தால் பேட்டரி லேசான சூட்டோடு இருக்கும்போதே கிளம்பலாம்.

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் டயர் காற்றை மறுபடி ஒருமுறை பாருங்கள். தளியில் 13 டிகிரிக் காலையில் சரியாக 33 வைத்த டயர், பங்குனியில் தருமபுரி மதியத்தில் நின்ற வண்டியிலேயே 36-க்கு மேல் காட்டும். சூடு ஆறியபின் அளந்து, கூடுதல் இருந்தால் மட்டும் இறக்குங்கள். ஓடி வந்த சூட்டோடு இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்துவிடும்.